மேசைமேல் மூன்று தொப்பிகள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இதைவிட நல்ல காரணம் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு விவகாரங்களைக் கவனிப்பவர் கார்லீன். போன வாரம் என்னைப் போனில் பிடித்தார். "கோர்டி, புதன்கிழமை உங்க பொண்ணு கையெழுத்துப் போடுற விழா. பெருமைமிகு பெற்றோர் சார்பா அஞ்சு வரி எழுதிக் குடுங்க. நான் மைக்ல வாசிச்சிடுறேன்" என்றார். முப்பது வருடமாகக் கூரைமேல் ஏறித் தார்த்தகடு அடிக்கிறவனுக்கு ஐந்து வரி என்ன பெரிய வேலையா என்று நானும் சரி என்றேன்.

முதல் வரி: "எங்கள் மகள் டெலியா தான் ஓடப்போகும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருப்பதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி."

வாசித்துப் பார்த்தேன். பொய். அவள் எதையும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. எங்களுக்கு மகிழ்ச்சியும் இல்லை. இரண்டாவது வரியும் பொய். மூன்றாவது வரி, முதல் இரண்டும் சரிந்துவிடாமல் இருக்க முட்டுக் கொடுத்த பொய். அங்கே நிறுத்திவிட்டு, சும்மா உண்மையை எழுதிப் பார்ப்போமே என்று இறங்கினேன். அது ஐந்து வரியில் அடங்கவில்லை. நீங்கள் கையில் வைத்திருப்பது அந்த மிச்சம்தான்.

எந்தக் கல்லூரி அணிக்கு ஓடப்போகிறோம் என்று பிள்ளைகள் ஊர் முன்னால் கையெழுத்துப் போடுகிற அந்த விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிம்மின் நடுவில் ஒரு மேசை போடுவார்கள். மேசைமேல் கல்லூரித் தொப்பிகள். பிள்ளை ஒவ்வொன்றின்மேலும் கையைக் கொண்டுபோய், எடுப்பதுபோல் போக்குக்காட்டி, கடைசியில் ஒன்றைத் தலையில் போட்டுக்கொள்ளும். ஊர் கைதட்டும். பிறகு கேக். எங்கள் பக்கத்தில் நடக்கிற மாட்டு ஏலத்துக்கு நான் போயிருக்கிறேன். அங்கேகூட மாட்டின் தலையில் தொப்பி வைப்பதில்லை.

2

ஆரம்பம் சரியாக வந்தால் மற்றது தானாக வரும் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று மறந்துவிட்டது. கையில் கிடைத்தால் உதைப்பேன்.

முதல் ஆரம்பம்: "நடக்கப் பழகும் முன்பே டெலியா ஓடினாள்." அடித்துவிட்டேன். பதினாறு மாதம் வரை அவள் நடக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து கையை நீட்டினால் யாராவது தூக்கிக்கொண்டு போனார்கள், பிறகு ஏன் நடக்க வேண்டும்?

இரண்டாவது ஆரம்பம்: "விஸ்கான்சினின் சோளக்காட்டின்மேல் விடியலின் முதல் கதிர் படும்போது ஓர் இளம்பெண்ணின் காலடி ஓசை..." இதையும் முடிக்கவில்லை. அவள் ஓடுவது மதியம் மூன்றரைக்கு, பள்ளி விட்டபிறகு. விடியற்காலையில் ஆளை எழுப்ப ரோண்டா போர்வையை உருவ வேண்டியிருக்கும். ரோண்டா என் மனைவி. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நாள் முழுக்க ஆட்களைத் தூக்கிப் புரட்டிப் பழகிய கை என்பதால் போர்வை ஒரே இழுப்பில் வந்துவிடும்.

மூன்றாவது: டெலியாவுக்குப் பதினேழு வயது. மேடும் பள்ளமுமாகப் புல்லில் ஐந்து கிலோமீட்டர் ஓடும் போட்டியில் இந்த மாநிலத்தில் நாலாவதாக வந்தாள். நாலாவது என்பது ஒரு கெட்ட இடம். முதலிடக்காரியை எங்கே வேண்டுமானாலும் அழைப்பார்கள். நாற்பதாவது இடக்காரியை யாரும் அழைக்க மாட்டார்கள். நாலாவதாக வருகிறவளிடம் எல்லாரும் ஏதாவது ஒன்றை விற்கப் பார்ப்பார்கள்.

இதை வைத்துக்கொள்வோம். அழகில்லை, ஆனால் ஒழுகாது.

3

பதினொன்றாம் வகுப்புக்கு முந்தின கோடையில், ஜூன் பதினைந்து முதல்தான் கல்லூரிக் கோச்சுகள் பிள்ளைகளிடம் பேசலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அன்று காலை டெலியாவின் போனில் பதினேழு செய்திகள். பிறகு தபால்கள். தபால்பெட்டி முழுக்கப் பளபளவென்று காகிதம்.

நான் எழுத்துக் கூட்டக் கற்றது நாற்பத்தாறு வயதில், நூலகத்தின் கீழ்த்தளத்தில். அதனால் மெதுவாகத்தான் வாசிப்பேன். ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போகிறவன். அந்தக் காகிதங்களை எழுதியவர்கள் இப்படி ஒருவன் வாசிப்பான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வேகமாக வாசித்தால் அவை இனிக்கும். மெதுவாக வாசித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

எல்லாக் கடிதத்திலும் "குடும்பம்" இருந்தது. "எங்கள் ஓட்டக் குடும்பத்தில் உனக்கு ஓர் இடம் உண்டு." எனக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அதில் யாரையும் ஸ்டாப்வாட்ச் பார்த்துச் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லாக் கடிதத்திலும் "பயணம்" இருந்தது. எல்லாக் கடிதத்திலும் அவள் "தனித்துவமானவள்", ஒரே மையில், ஒரே வாக்கியத்தில். ஒரு கடிதத்தில் மட்டும் "அன்புள்ள கெயிட்லின்" என்று இருந்தது. அந்தக் கெயிட்லினும் எங்கேயோ உட்கார்ந்து "அன்புள்ள டெலியா" என்று வாசித்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. பெயர் சொல்லப் போவதில்லை. அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், என்னிடம் ஓர் ஏணிதான் இருக்கிறது. தொப்பியின் நிறத்தைச் சொல்கிறேன். ஊதா: மூன்றரை மணி நேரத் தொலைவில், டிவியில் வருகிற பெரிய பல்கலைக்கழகம். பச்சை: முக்கால் மணி நேரத்தில், ஒரு தேவாலயத்தையும் பால் பண்ணையையும் தாண்டினால் வருகிற சின்னக் கல்லூரி.

* மேசைமேல் மூன்று தொப்பி என்றேனே, மூன்றாவது எங்கே என்று எண்ணத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பொறுங்கள். அது இதையெல்லாம்விடக் கேவலம்.

4

கதைக்கு ஒரு தகப்பன் வேண்டும். அவனுக்கு வெர்ன் என்று பெயர் வைத்தேன். பால் லாரி ஓட்டுகிறவன். அமைதியானவன். மகள் பேசினால் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்பவன்.

அக்டோபரில் ஊதாக் கல்லூரி டெலியாவை இரண்டு நாள் விருந்தாளியாக அழைத்தது. அவர்கள் செலவு. ஓட்டக்காரிகளின் அறையில் தங்கலாம், அவர்களோடு சாப்பிடலாம், ஊதா உடுப்பை மாட்டி நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். ட்ரென்ட் என்பவர் அங்கே கோச். பல் வரிசை அவ்வளவு நேர். என் கையைப் பிடித்து, "உங்க பொண்ணை எங்க பொண்ணா பார்த்துக்குவோம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் காரில் டெலியா தான் பார்த்ததைச் சொல்கிறாள். வெர்ன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துகிறான். அவள் முகத்தைப் பார்த்து, "அந்தப் பக்கம் தலை வச்சே படுக்க வேணாம் கண்ணு" என்கிறான். இரண்டு பேரும்...

இந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டேன். வெர்ன் நல்ல மனிதன். ஒரே குறை, அப்படி ஒரு ஆள் இல்லை. காரை ஓட்டியவன் நான். நான் வண்டியை நிறுத்தவில்லை. நடந்தது இது:

"சாப்பாட்டு மேசையில ரொட்டிக்கூடை சுத்தி வந்துச்சுப்பா. பன்னெண்டு பொண்ணுங்க. ஒருத்தியும் எடுக்கல. கடையிலேர்ந்து வந்த மாதிரியே எங்கிட்ட வந்து நின்னுச்சு."

"நீ எடுத்தியா?"

"ரெண்டு எடுத்தேன். வெண்ணெயும் தடவினேன். அத்தனை பேரும் என் கையையே பார்த்தாங்க, ஏதோ நான் மேசைமேல பாம்பை விட்ட மாதிரி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் மேரன்னு ஒருத்தி, அவ ரூம்லதான் தங்கினேன், சாமான் ரூமைக் காட்டினா. அலமாரியில அடித்தட்டு முழுக்க அந்தப் பூட்ஸ்ப்பா. எலும்பு விரிசல் விட்டா டாக்டர் மாட்டுவாங்களே, சாம்பல் கலர்ல, பிளாஸ்டிக்."

"புதுசா?"

"புதுசுன்னா பரவாயில்ல. ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி பேர் எழுதியிருக்கு. ஒரு பேரை அடிச்சிட்டு இன்னொரு பேர். அதை அடிச்சிட்டு இன்னொண்ணு. ஒரு பூட்ஸ்ல அஞ்சு பேரு எண்ணினேன். நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு மேரன், 'பயப்படாதே, எல்லாருக்கும் ஒரு தடவை வரும்'னு சிரிக்கிறா."

ஷூவைக் கழற்றிக் காலைச் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டாள். பிறகு, "என் சைஸும் இருந்துச்சு" என்றாள்.

அதற்கு நான் சொன்னது, எழுத்துக்கு எழுத்து: "வேலைன்னா அடிபடத்தான் செய்யும். நான் ரெண்டு தடவை கூரையிலேர்ந்து விழுந்திருக்கேன். மறுபடி ஏறலையா?"

அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

[விழுந்ததைப் பெருமையாகச் சொல்கிற சாதி நாங்கள். எவன் முதுகில் டாக்டர் வைத்த கம்பி எத்தனை இருக்கிறது என்று மதியச் சாப்பாட்டில் போட்டி போட்டுக் காட்டுவோம். அந்த முட்டாள்தனத்தை ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கால் எலும்பில் கொண்டுபோய் ஒட்டிவிட்டேன்.]

5

இன்னும் இருக்கிறது. என்னை நல்லவனாக்கும் வேலையை வெர்னோடு சேர்த்து விட்டுவிட்டேன், அதனால் முழுவதையும் சொல்லிவிடலாம்.

ஊதாக் கல்லூரியிலிருந்து கிளம்பும் முன் அவர்கள் கடையில் ஓர் ஒட்டுத்தாள் வாங்கினேன். "ஊதாவின் தந்தை" என்று போட்டிருக்கும், வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டுவதற்கு. பிள்ளை கையெழுத்துப் போட்டபிறகு ஒட்டுவது ஊர் வழக்கம். நான் திங்கட்கிழமை காலையிலேயே ஒட்டிவிட்டேன். வேலைக்குப் போனதும் ஏணி அடியில் நின்றவர்கள், "அடேங்கப்பா கோர்டி, இனிமே எங்ககூடல்லாம் பேசுவியா?" என்றார்கள். அன்று முழுக்க எனக்கு இடுப்பு வலிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கோச் ஹெல்கர் எங்கள் வாசலில் வந்து நின்றார். டெலியாவின் பள்ளிக் கோச். பின்கண்ணாடியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"முப்பத்தொரு வருஷமா ஓட விடுறேன் கோர்டி. ஊதாவுக்கு நம்ம ஊர்லேர்ந்து ஒரு பிள்ளை போனதில்ல. ஒண்ணுகூட இல்ல."

"அந்தப் பூட்ஸ் விஷயம் உங்ககிட்ட சொன்னாளா கோச்?"

"சொன்னா. பெரிய இடம்னா பெரிய பாரம் தூக்கத்தான் வேணும்."

"தூக்கப்போறது நீங்க இல்லையே."

[கடைசி வரியை நான் சொல்லவில்லை. எழுதும்போதுதான் வந்தது. நேரில் தலையாட்டிவிட்டு பீர் எடுத்துக் கொடுத்தேன். கதையிலாவது எனக்கு ஒரு வாய் இருந்துவிட்டுப் போகட்டும்.]

ஹெல்கரை வில்லனாக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மீசை கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. இந்த மனிதர் போட்டிக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்குத் தன் கையால் ஸ்பகெட்டி அள்ளிப் போடுகிறவர். பள்ளிப் பேருந்தைத் தானே ஓட்டுகிறவர். மூன்றாவது கிலோமீட்டரில், மழையில், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்பவர். அவருக்கு வேண்டியதெல்லாம் ஜிம் சுவரில் ஒரு போட்டோ: ஊதாத் தொப்பியில் ஒரு பெண், பக்கத்தில் அவர். கெட்டவர்கள் என்றால் விரட்டிவிடலாம். ஆசைப்படுகிற நல்லவர்களை என்ன செய்வது? வீட்டுக்குள் கூப்பிட்டுப் பீர் கொடுப்பதைத் தவிர?

6

வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போனோம், நானும் ரோண்டாவும். தட்டு வந்ததும் அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன் பொண்ணு உங்கிட்ட சொல்லாததை எங்கிட்ட சொன்னா. கேக்குறியா, இல்ல நீ விழுந்த கதையைத் திரும்பச் சொல்லப்போறியா?"

"சொல்லு."

"அந்தப் பொண்ணுங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோச்சாம். பாதிப் பேருக்கு. அதைக் கஷ்டமா சொல்லலியாம். 'இப்பத்தான் சரியான எடைக்கு வந்திருக்கேன்'னு பெருமையா சொல்றாங்களாம். நான் எண்பது வயசுக் கிழவிங்களைத் தூக்குறவ கோர்டி. அது நின்னா எலும்பு எப்படிப் பொடியாகி உடையும்னு எனக்குத் தெரியும். இருபது வயசுல அந்த எலும்பு எதுக்கு?"

பக்கத்து மேசையில் ஒருவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "ஊதா! சபாஷ்!" என்றார். நான் நன்றி சொன்னேன். ரோண்டா என்னைப் பார்த்த பார்வையை எழுதுகிற அளவுக்கு நான் இன்னும் எழுத்துக் கற்கவில்லை.

பச்சைக் கல்லூரிக்கு அவள்தான் டெலியாவைக் கூட்டிப் போனாள். நான் வேலையைச் சாக்குச் சொன்னேன். வந்து ரோண்டா சொன்னது: அந்தப் பெண்கள் மூன்று தட்டுச் சாப்பிடுகிறார்கள், ஒருத்தி மேசையிலேயே தூங்கிவிட்டாள், கோச் அம்மா சேறு அப்பிய ஷூவோடு சூப் கிண்டுகிறார்.

இங்கே பச்சையைச் சொர்க்கமாக்கிவிட்டால் என் வேலை சுலபம். உங்களுக்கும் அதுதான் வேண்டும், தெரியும். அதனால் மற்றதையும் கேளுங்கள். அவர்கள் மைதானத்தின் கடைசிப் பாதையில் புல் முளைத்திருக்கிறது. அந்தக் கோச் அம்மா டெலியாவை மூன்று தடவை "டாலியா" என்று கூப்பிட்டார். அந்த அணியில் முதலாவதாக ஓடுகிறவளை டெலியா இப்போதே, இருமலோடு, முந்திவிடுவாள். ஓட்டத்துக்கென்று அங்கே உதவித்தொகையும் கிடையாது. கையெழுத்துப் போட ஒப்பந்தமும் கிடையாது. அதற்காக விழாவை விடமுடியுமா? ஏதோ ஒரு காகிதத்தைத் தானே அச்சடித்து வைப்பதாகக் கார்லீன் சொல்லியிருக்கிறார், போட்டோவுக்கு.

அன்று சமையலறையில் ரோண்டா கேட்டாள்: "பேசாம பச்சைக்கே போயேன்டி. என்ன குறை?"

டெலியா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "குறை ஒண்ணும் இல்லம்மா. அங்க போனா நான் நல்லா இருப்பேன். எல்லாரும் என்னைப் புகழ்வாங்க. நாலு வருஷம் கழிச்சு, நான் எவ்வளவு வேகமா ஓடியிருக்க முடியும்னு தெரியாமலே வெளிய வருவேன். அது உனக்குப் பரவாயில்லையா இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சாகணும்."

"கால் உடைஞ்சா?"

"அதுவும் தெரியும். நான்தானே அந்தப் பூட்ஸைப் பார்த்தேன். நீங்க பார்க்கல."

இந்தப் பிரச்சினையில் முட்டாளாக இல்லாத ஒரே ஆள் அவள்தான். அவளுக்குத்தான் பதினேழு வயது.

7

ஞாயிற்றுக்கிழமை ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கண்ணாடியிலிருந்து ஒட்டுத்தாளைச் சுரண்டினேன். மனம் திருந்திய தகப்பன். இந்தக் காட்சிக்கு மெல்லிய இசை போட்டுக்கொள்ளலாம். முக்கால்வாசி வந்தபோது டெலியா ஓடிவிட்டு வந்தாள். மூச்சு வாங்க இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன பண்ற?"

"இதை எடுத்துட்டேன் பாரு" என்றேன், பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டுகிறவன் மாதிரி.

"ஓஹோ. எனக்கு முன்னாடி நீ முடிவு பண்ண. இப்ப எனக்கு முன்னாடி நீயே மாத்தியும் ஆச்சு. நான் எதுக்குப்பா நடுவுல? அந்த அஞ்சு கிலோமீட்டரையும் நீயே ஓடிடேன்."

கதவு சாத்தப்பட்டது. கையில் கத்தி, விரலெல்லாம் பசை. ட்ரென்ட் அவளுடைய நாலு வருடத்தை ஒப்பந்தத்தில் எழுதினார். ஹெல்கர் சுவரில் எழுதினார். நான் கண்ணாடியில் எழுதி, பிறகு கண்ணாடியில் அழித்தேன். கையெழுத்து மட்டும்தான் வேறு வேறு.

8

முடிவுகள். மூன்று செய்து வைத்திருக்கிறேன். கடை விரிக்கிறேன், பாருங்கள்.

(அ) ஊதாத் தொப்பி. இரண்டாம் ஆண்டில் கால் எலும்பு விரிகிறது. அலமாரியிலிருந்து அவள் சைஸ் பூட்ஸை எடுத்து, யாரோ ஒருத்தியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுகிறாள். நீங்கள் பெருமூச்சு விடுகிறீர்கள். கெட்டது நடந்தால்தான் சிலருக்குக் கதை படித்த திருப்தி. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் எலும்புதானே.

(ஆ) பச்சைத் தொப்பி. சூப். சிரிப்பு. "வேகம் முக்கியமல்ல, மகிழ்ச்சியே முக்கியம்" என்று அவளை ஒரு வரி சொல்ல வைக்க வேண்டியிருக்கும். அதைச் சொன்னால் அவள் டெலியா இல்லை. நாலு வருடம் கழித்து, தெரியாமல் போன அந்த வேகம் அவளை என்ன செய்யும் என்று இந்த முடிவு கேட்பதே இல்லை. சூப்போடு நின்றுவிடுகிறது.

(இ) மேசையைப் புரட்டிவிட்டு வெளியே ஓடுகிறாள். தொப்பிகள் பறக்கின்றன. இதை எழுதியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பிள்ளை அப்படி ஓடினால் அந்தக் கேக்கை யார் சாப்பிடுவது என்று கார்லீன் கேட்பார்.

மூன்றாவது தொப்பிக்கு இப்போது வருகிறேன். இரண்டு தொப்பி வைத்தால் மேசை வெறிச்சென்று இருக்குமாம். மூன்று இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்குப் படபடப்பு வருமாம். கார்லீன் சொன்னபடி, பெட்ரோல் பங்கில் தள்ளுபடியில் தொங்கிய ஓர் ஆரஞ்சுத் தொப்பியை வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கல்லூரி என் மகளுக்கு ஒரு தபால் அட்டைகூடப் போட்டதில்லை. அங்கே பெண்கள் ஓட்ட அணி இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. இதைத்தான் நாளைக்கு இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போகிறார்கள்.

9

நேற்று ராத்திரி இந்தக் காகிதங்களை டெலியா பார்த்துவிட்டாள். சமையலறை மேசையில் வைத்துவிட்டு நான் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் ஒரு கையில் கடலைவெண்ணெய் ரொட்டி, மறுகையில் என் நாலாவது பகுதி.

"இந்த வெர்ன் யாரு?"

"யாரும் இல்ல."

"நல்ல ஆளா இருக்காரே. அவருக்கு மகளாப் போயிடலாமான்னு பார்க்குறேன்." அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். மென்றுகொண்டே வாசித்தாள். எனக்கு மூன்று நாள் பிடித்ததை அவள் மூன்று நிமிடத்தில் முடித்தாள். கார் காட்சியில் மட்டும் நின்று, மறுபடி மேலிருந்து வாசித்தாள்.

நான் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். தலை எப்போதோ காய்ந்திருந்தது.

"அன்னிக்கு கார்ல சொன்னது தப்பு" என்றேன்.

"தெரியும்."

"கூரையும் இதுவும் ஒண்ணு இல்ல."

"தெரியும்ப்பா."

"நான் விழுந்தது கால் வழுக்கி. பின்னாடி நின்னு யாரும் என்னைத் தள்ளல. விழுந்தப்ப யாரும் 'எல்லாருக்கும் வரும்'னு சிரிக்கல. ஓடிவந்து தூக்கினாங்க."

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். "இதை ஏன் எழுதல?"

"இப்பத்தான் தோணிச்சு."

"அப்ப எழுது." பிறகு, "முடிவு மூணும் குப்பை" என்றாள்.

"எந்த முடிவை எழுதட்டும்?"

"எதையும் எழுதாதே. நீ எழுதிட்டா, நான் போடுற தொப்பி உன் கதைக்காகப் போட்டதா இல்ல எனக்காகப் போட்டதான்னு எனக்கே சந்தேகம் வந்துடும். ஊதாவா இருந்தாலும் சரி, பச்சையா இருந்தாலும் சரி."

உள்ளிருந்து ரோண்டா, "எழுத்தாளரே! குப்பையை வெளிய வைக்கிற நாள் இன்னிக்கு. எழுதினதையும் சேர்த்துக்கிட்டு வா!" என்று கத்தினாள். மறுபடி ரொட்டியை எடுத்துக் கடித்திருந்த டெலியா வாய் நிறையச் சிரித்ததில் துணுக்குகள் ஐந்தாவது பகுதியின்மேல் விழுந்தன.

10

இன்று புதன். மதியம் ஒன்று ஐம்பது. பள்ளி வாகன நிறுத்தத்தில் என் வண்டியில் உட்கார்ந்து, ஸ்டீரிங்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நவம்பர் குளிர். மற்ற பெற்றோர்கள் பலூனோடு போகிறார்கள். கோச் ஹெல்கர் டை கட்டியிருக்கிறார். அவர் டை கட்டி நான் பார்த்ததில்லை. கழுத்தைச் சுற்றிச் சுற்றித் தளர்த்திக்கொண்டே படியேறினார்.

கார்லீனுக்கு ஐந்து வரி கொடுக்கவில்லை. ஒரு வரி கொடுத்தேன்: "டெலியா எங்கள் மகள்." அவர் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. "இவ்வளவுதானா கோர்டி?" என்றார். இதுதான் சரிபார்த்த பகுதி என்றேன்.

கண்ணாடியில் தட்டும் சத்தம். டெலியா. பூப்போட்ட சட்டை, ரோண்டா தேய்த்துக் கொடுத்தது. கீழே ஓடுகிற ஷூதான். ஜன்னலை இறக்கினேன்.

"வாப்பா. ஆரம்பிக்கப் போறாங்க."

"வர்றேன்."

அவள் நகரவில்லை. ஜன்னல் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள். "முடிவு பண்ணிட்டேன். உனக்கு இப்பவே சொல்லவா? அங்க எல்லார் முன்னாடியும் தெரிஞ்சுக்கிறது உனக்கு ஒரு மாதிரி இருக்கும்ல."

சொல் என்று நாக்கு நுனிவரை வந்தது. பதினேழு மாதமாக எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். ஒட்டுத்தாள் வாங்கியதும் இதற்காக, சுரண்டியதும் இதற்காக, இத்தனை பக்கம் எழுதியதும் இதற்காக.

"வேணாம்" என்றேன். "போய்ப் போட்டுக்கோ. பார்த்துக்கிறேன்."

"எதுவா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும் உன்னைத் தூக்க நான் ஓடி வருவேன். மெதுவாத்தான் வருவேன். வந்துடுவேன்."

என் முகத்தில் எதையோ தேடுவதுபோல ஒரு நொடி பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள், கையை வீசிக்கொண்டு, யாருக்கும் அவசரம் காட்டாமல்.

நீங்கள் இப்போது என் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கிறீர்கள். எந்த நிறம் என்று தெரிய வேண்டும். இவ்வளவு தூரம் வாசித்துவிட்டோமே, எங்களுக்கு உரிமையில்லையா என்கிறீர்கள். இல்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிற இருநூறு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டு கேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளைப் பெற்ற எனக்கே தெரியாதபோது, பெட்ரோல் பங்குத் தொப்பியை நம்பியிருக்கக்கூடிய உங்களுக்கு எதற்கு?

நான் உள்ளே போகிறேன். காகிதம் இங்கேயே இருக்கும், பென்சிலும் இருக்கும். நீங்களும் இந்த வண்டியிலேயே இருங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன், குளிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் பத்து நிமிடத்தில் உங்களுக்குக் கைதட்டல் கேட்கும். அதைவைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தொப்பிக்கும் அவர்கள் ஒரே மாதிரிதான் தட்டுவார்கள்.